கூடையில் ஊசிவால் வாத்து

அஃப்ஷீனின் அத்தாவுக்கு,

ஸலாம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள். இங்கே பாலக்கரையில் நல்ல மழை.

நேற்று விருந்துக்கென்று ஒரு சாக்கு அம்மா வீட்டுக்கு வந்தது. உள்ளே வலசை வந்த இரண்டு ஊசிவால் வாத்துகள், கால் கட்டி, உயிரோடு. பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தானே நாம் சாப்பிட முடியும்? அதனால்தான் வலையில் விழுந்தவற்றை அங்கேயே கொல்லாமல் பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒன்றை அறுத்தாகிவிட்டது. மற்றதைத் தூக்கிக் கொடுத்தபோது என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கோடியக்கரை உப்பங்கழியில் நீங்கள் பறவையைப் பிடித்துக்கொள்ள, ஆபீசர்கள் காலில் மாட்டுவார்களே, அதே வளையம்.

கத்தியைப் பிடுங்கிவிட்டேன்.

யார் கொண்டுவந்தது என்று கேட்காதீர்கள். "மச்சானுக்குத் தெரிஞ்சா என்னைய சும்மா விடுவாராக்கா?" என்று கேட்டான். உங்களை மச்சான் என்று கூப்பிட எனக்கு வேறு தம்பியா இருக்கிறான்?

அவனுக்குக் கத்தார் விசா வந்துவிட்டது. விருந்தே அதற்குத்தான். கேஸ் விழுந்தால் பயணம் நின்றுவிடும்; அம்மா என் முகத்தில் விழிக்க மாட்டார். வளையத்தைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றான். நான் தொட விடவில்லை.

வாத்தைக் கூடையில் வைத்து, இந்தக் கடிதத்தோடு அவன் கையிலேயே வேதாரண்யம் பஸ்ஸில் அனுப்புகிறேன். முதலில் கூடையை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வனத்துறை வேலைக்கு எது முறையோ அதைச் செய்யுங்கள். எனக்காகப் பார்க்காதீர்கள்.

தன்னை மன்னித்துவிடும்படி உங்களுக்கு எழுதச் சொன்னான். அதைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்து, எதிரில் உட்கார்ந்து வாத்துக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா