சுண்ணாம்பு பட்ட குழாய்

1962, ஆடி 9. இரவு. சாரல் விடவில்லை.

காலையில் கீழப்பாவூரிலிருந்து ஒரு பெண் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தொண்டையில் ஆப்பரேஷன் ஆனதிலிருந்து அவள் விரல்கள் இழுத்து மடங்கிக்கொள்கின்றன. லேபில் என்னை ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஒரே ரத்தத்தை இரண்டு குழாயில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் இருக்க வேண்டிய அளவு. மற்றதில் மிகக் குறைவு.

"எது நிஜம்னு தெரியல சார். மறுபடி பார்க்கணும்" என்றேன்.

"இந்த டெஸ்ட்ல முன்னபின்ன வரத்தான் செய்யும்வே. அவளுக்கு வெறும் பயம். வீட்டுக்கு அனுப்பும்" என்றார் டாக்டர். அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம்தான் பார்த்தேன். குழாய் கழுவும் மாடசாமி அண்ணாச்சி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலாலேயே துணியைத் திரித்து, கழுவிய குழாய்க்குள் விட்டுத் துடைக்கிறார். சுண்ணாம்பு என்றாலே கால்சியம்தானே!

"என்ன அண்ணாச்சி இது?" என்று கத்தினேன்.

"சுத்தமாத் துடைக்கத்தான செய்யுதேன்? அதுக்கு ஏன் கூப்பாடு போடுதீரு?"

அப்படியானால் சுண்ணாம்பு ஒட்டிய குழாய்தான் கூட்டிக் காட்டியிருக்கிறது; குறைந்த கணக்குதான் நிஜம், அதனால்தான் அவள் விரல்கள் மடங்குகின்றன. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கீழப்பாவூர் கடைசி பஸ் போய்விட்டது. விடிந்ததும் போய் அவளை அழைத்து வர வேண்டும்.

எழுதி எழுதி என் விரல்கள் இறுகிவிட்டன. பேனாவைக் கீழே வைத்தால் விரிந்துவிடும். அவளுக்கு?