மகளின் பதவியும் கட்டில் வைக்க ஒரு கூடமும்

ஐப்பசி 3, திங்கள்

விடியும்போதே மழை. மார்க்கெட்டில் பிச்சிப்பூ வரத்து குறைவு.

மானம் போன விஷயம் முதலில். எங்கள் குழுவின் ஆண்டு விழாவுக்கு ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்தேன். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் புண் துடைத்து, கட்டில், வீல்சேர் கொடுக்கிற குழு. ஃப்ளெக்ஸில் மகள் சுபாவின் படம். பூக்கடைக்காரன் வைக்கிற ஃப்ளெக்ஸ் மொட்டையாக இருக்கலாமா? மேலே நீளமாக ஒரு சம்பங்கி மாலை. ராத்திரி காற்றில் மாலை இறங்கி, சரியாகப் பிள்ளை முகத்தைச் சுற்றி நின்றுவிட்டது.

காலையில் பஸ்ஸில் போன மைத்துனன் பார்த்துவிட்டுப் போனில் அழுகிறான். "அத்தான், பிள்ளைக்கி என்னாச்சு? எங்கிட்ட சொல்லக்கூடத் தோணலியா?"

பிள்ளை அடுக்களையில் தோசை தின்றுகொண்டிருந்தாள். போனை அவளிடமே கொடுத்தேன். "மாமா, நான்தான். இன்னும் ரெண்டு தோசை பாக்கி கெடக்கு, அதுக்குள்ள சாவ மாட்டேன்."

மனைவி பகவதி: "கல்யாண மாலை போட வேண்டிய வயசுல, பெத்த அப்பன் போட்ட மாலையப் பாரு!"

மாலையை எடுக்க ஜங்ஷனுக்குச் சிரித்துக்கொண்டே வந்த சுபா, படத்துக்குக் கீழே வாசித்ததும் சிரிப்பை நிறுத்தினாள். 'துணைச் செயலாளர்.' அதற்கும் கீழே ஒன்றிய அலுவலகத்தில் அவள் பார்க்கிற உத்தியோகம், கொட்டை எழுத்தில்.

"இத யாரு போடச் சொன்னா?"

மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

சாவுச் செய்தி நேற்றே சுபாவின் ஆபீசுக்குப் போயிருக்கிறது. துக்கம் கேட்கக் கிளம்பிய ஒருத்தர் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸைப் போட்டோ எடுத்து மேனேஜரிடம் காட்டினாராம். செத்தவளே வந்து மேசையில் உட்கார்ந்ததும் துக்கம் போய் விசாரணை. எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். முன் அனுமதி இல்லாமல் வெளிக் குழுவில் பதவி ஏற்கக் கூடாது. அதற்கு அரசாங்க உத்தியோகத்தின் பேரைப் போடவே கூடாது. பிள்ளைக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

பதவிக்கு அவள் பேரைச் சொன்னதும் நான், முதலில் கை தூக்கியதும் நான், 'பேருக்குத்தான மக்ளே' என்றதும் நான். ஆள் மாறவே இல்லை.

இன்னொன்று. கட்டில்கள் வைக்க, பூட்டிக் கிடக்கும் பழைய சத்துணவுக் கூடத்தைக் கேட்டு ஒன்றியத்தில் குழு மனு கொடுத்திருந்தது. மனு வந்து நின்றது சுபா மேசையில். 'நான் அந்தக் குழுவில் இருக்கிறேன், இதை நான் பார்க்கக் கூடாது' என்று மேனேஜரிடமே கொடுத்துவிட்டாளாம்.

"நாம என்ன களவாங்கவா போறோம்? சீக்காளிக்குக் கட்டில் வைக்கதுக்குல்லா?"

"அப்பா, நம்ம கடைக்கு எத்தன பேரு ஏலத்துக்குப் பூ கொண்டு வாறாவ. நீங்க ஒங்க தோட்டத்துப் பூவ முதல்ல ஏலம் போட்டு, நீங்களே வெலையும் வச்சா?"

"கூடையாலேயே அடிப்பானுவ."

"அவ்வளவுதான்."

ராத்திரி சாப்பாட்டுக்குப் புளிக்கறி. உப்பு கூடுதல். இன்றைக்கு அதைச் சொல்கிற நிலையில் நான் இல்லை.

6, வியாழன்

வாங்க: எலி மருந்து, பகவதிக்கு மூட்டுவலித் தைலம், மாலை கட்ட நார்.

மேனேஜர் வீட்டில் கல்யாணம் என்று கேள்வி. நல்லதாக ஒரு ஜோடி மாலை அனுப்பினால் என்ன என்று வாயைத் திறந்தேன்.

"அப்பா, என்ன சஸ்பெண்டு ஆக்குனாத்தான் ஒறக்கம் வருமா?"

பகவதி என் வாயில் உளுந்தவடையைத் திணித்தாள். யோசனை அத்தோடு முடிந்தது.

மத்தியானம் குழுத் தலைவி ராஜம்மை சிஸ்டர் கடைக்கு வந்தார். ரிட்டயர்டு நர்ஸ். கட்டில்கள் அவர் வீட்டுக் கூரைச் சாய்ப்பில் நனைகின்றன. மெத்தையெல்லாம் பூசணம். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் அசைவில்லாத ஒரு ஆள் தரையில் கிடக்கிறாராம். நனைந்த மெத்தையை எப்படிக் கொடுப்பது?

"அண்ணாச்சி, பிள்ளைய மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அப்பா சொன்னா தட்டுவாளா? கூடத்துச் சாவி நாளைக்கே வரும்."

தலையாட்டிவிட்டேன். எனக்குத் தலை ஆடுகிற அளவுக்கு வேறொன்றும் ஆடாது.

9, ஞாயிறு

நல்ல வெயில். குழுக் கூட்டம்.

ஆபீசில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பதவி வேண்டாம் என்று சுபா எழுதிக் கொடுத்தாள். நன்கொடை வசூலுக்கும் வர மாட்டாள். லீவு நாளில் புண் துடைக்க வரலாமா என்று மேனேஜரிடம் கேட்டு, சரி வாங்கித்தான் வந்திருந்தாள்.

பின்னாலிருந்து ஒருத்தர்: "ஆபீசுக்குள்ள நம்ம ஆளு இருந்தும் ஒரு ரூம் கெடைக்கல. கொள்ளாம், நல்லாருக்கு!"

"நம்ம ஆளு இருக்கதினாலதான் அண்ணாச்சி ஆபீசுல நெறய யோசிக்காவ," என்றாள் சுபா. எல்லாரும் சிரித்தார்கள். ராஜம்மை சிஸ்டர் மட்டும் 'பிள்ளைட்ட சொன்னீங்களா?' என்பதுபோல் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அப்புறம் தென்னையிலிருந்து விழுந்தவர் வீடு. தரையில் பாய். பக்கத்தில் ரேடியோ. சுபா முட்டுக்குத்தி உட்கார்ந்து முதுகுப் புண்ணைத் துடைத்தாள். அவர் மனைவி விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி, "கட்டில் எப்பம் வரும் மக்கா? நீ ஆபீசுலல்லா இருக்க?"

"குழுவுல எடம் கேட்டிருக்காவ அக்கா. எப்பம்னு எனக்குத் தெரியல."

நிமிராமல்தான் சொன்னாள். கண் நிறைந்திருந்தது. கை துடைத்துக்கொண்டே இருந்தது.

திரும்பும்போது அவள் ஸ்கூட்டரில் பின்னால் நான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியைத் தள்ளுகிறது. வியாழக்கிழமையிலிருந்து ஒத்திகை பார்த்த வார்த்தை நாக்கு நுனியில்.

"என்னப்பா, சத்தமே இல்ல?"

"ரோட்டப் பாத்து ஓட்டு மக்ளே."

சொல்லாதது: அந்தக் கூடத்துக்கு மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.