பட்டரி போட்ட திகதி

1985 மார்ச் 10, ஞாயிறு

காணிக்கைப் பாட்டின் நடுவில் பேஸ் கித்தார் மறுபடியும் கரகரத்து ஊமையாகிவிட்டது. விரல் ஓடுகிறது, சத்தம் இல்லை. முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். சிரிக்கட்டும். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் என் அக்கா பவுலின், எசமான் மகன் வேண்டாமென்று போட்டதைக் கேட்டு வாங்கி, தன் சேலைகளால் சுற்றிக் கொண்டுவந்த கித்தார் இது. இந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கு இப்படி ஒரு அக்கா?

உள்ளே ஒரு சின்னப் பட்டரி இருக்கிறது. அது செத்தால் இதுவும் செத்தது. கித்தார் வந்த இரண்டு மாதத்தில் இது மூன்றாவது.

மார்ச் 16, சனி

கித்தாரைத் தூக்கிக்கொண்டு அட்டன் டவுனுக்குப் போனேன். ரேடியோ திருத்தும் கந்தப்பன் அண்ணன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"பழுது ஒண்ணுமில்லைங்க. ஸ்பீக்கர் ஒயரக் குத்துனாலே பட்டரி ஓட ஆரம்பிச்சிரும். நீங்க வாசிக்காட்டியும் ஓடும். முடிஞ்சதும் புடுங்கிறணும்."

நான்தான் கோயிலிலேயே பிடுங்கிச் சுருட்டிவிடுகிறேனே! பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுத்து வரும்வரை, இருபது பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு ஒரு ஒயர் மறந்துபோகுமா? கோபம்தான் வந்தது. ஆனால் வேறு யாருக்கோ எடுத்து வைத்திருந்த பட்டரியை எனக்குப் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர். வழியெல்லாம் வாழ்த்திக்கொண்டே வந்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

அதுவும் செத்தது.

மே 19, ஞாயிறு

பாடகர் குழுவை நடத்தும் சூசைரட்ணம் மாஸ்டர் தன்மையாகத்தான் சொன்னார். இன்னொரு தடவை நின்றால், அந்தோனியார் திருநாளுக்குப் பேஸ் வாசிக்க அட்டனிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவாராம். அன்றைக்கு மட்டுமாம். அந்த 'மட்டும்' எத்தனை ஞாயிறு நீளும் என்று எனக்குத் தெரியாதா? என் கித்தார் பரணில் கிடக்கும். நான் பெஞ்சில் இருப்பேன்.

என் புருசன் றோலண்டிடம் சொல்லி அழுதேன். அவர் அடுப்புக்கு விறகு தள்ளினார். கல்யாணமாகி ஒன்பது வருசம், கோயிலில் நான் எதை வாசித்தும் ஒரு நாள் வந்து கேட்டதில்லை. கேட்டால் ஸ்டோரில், தேயிலை அரைக்கிற மெசினில் வேலை என்பார். எந்தத் தேயிலை ஸ்டோரில் எல்லா ஞாயிறும் வேலை? லயத்து வீடுகளில் இதை ஆம்பிளைச் சாமான் என்கிறார்கள். இவருக்கும் வெட்கமோ – அப்படியென்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா?

ஜூன் 14, வெள்ளி

எனக்கு வருவது சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

கொட்டுகிற மழை. கொழுந்தெடுப்பு நின்று, தாய்மார் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கொழுந்து வராமல் ஸ்டோரும் நின்றதால் றோலண்ட் வீட்டில் கித்தாரை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அதைப் பரணிலிருந்து இறக்கித் தருவதும், ஞாயிறு கம்பளியில் சுற்றி ஏற்றி வைப்பதும் எப்போதும் அவர்தான். வீட்டில் கரண்டும் இல்லை, நான் இடையில் தொடுவதே இல்லை. ஒயரை எடுத்தார். முனையைத் துடைத்தார். ஓட்டையில் குத்தினார்.

"ஏங்க அதக் குத்துறீங்க?"

"ஓட்ட தொறந்து கெடந்தா பனி எறங்கிரும்ல. ஸ்டோர்ல மெசின நிப்பாட்டுனா மொதல்ல வாயத்தான் மூடுவோம்."

முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம். என்னிடம் தரும்போது பிடுங்கிச் சுருட்டிவிடுவாராம். கந்தப்பன் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப நாந்தான் உன்னய நிப்பாட்டுனேனா, இசபெல்?"

வெட்கப்படுகிறார் என்று நினைத்தேனே, பாவி! வாரா வாரம் பிள்ளையைப்போல் துடைத்துச் சுற்றி வைத்திருக்கிறாரே. திட்ட வாய் வரவில்லை.

ஆனால் உள்ளே இருக்கிற பட்டரி எத்தனை பாட்டுத் தாங்கும்? நாளை மறுநாள் திருநாள்.

ஜூன் 15, சனி

றோலண்ட் முதல் பஸ்ஸில் அட்டன் போனார். எந்தக் கடையிலும் இல்லை. கந்தப்பன் அண்ணன் தன் மீட்டரைத் திறந்து அதிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாராம். அந்த மீட்டர் இல்லாமல் அவர் ஒரு ரேடியோவைக்கூடப் பார்க்க முடியாது. அவருக்குக் கண்ணீரோடு ஒரு அருள்நிறை மரியே செபம் சொன்னேன். சைவக்காரர், கோபிக்க மாட்டார்.

சாயங்காலம் றோலண்ட் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்றைச் சீவிக்கொண்டே இருந்தார். ஓட்டைக்கு அளவான மூடி. மரம்தானே, பட்டரியை ஓட்டாது.

ஜூன் 16, ஞாயிறு

கடைசிப் பாட்டு வரை வாசித்தேன். ஆண்டவரே, நன்றி.

றோலண்ட் கோயில் வாசலோடு ஒட்டி நின்றார். கண்ணீர் கண்ணை மறைத்து ஒரு இடத்தில் எனக்கு விரல் தப்பியது. மாஸ்டர் கவனிக்கவில்லை.

ஜூன் 29, சனி

அக்கா நான்கு பட்டரி அனுப்பியிருக்கிறாள். முதலாவது கந்தப்பன் அண்ணனின் மீட்டருக்குப் போயிற்று.

1986 பெப்ரவரி 8, சனி

எட்டு மாதம் கழித்து இன்றுதான், கோயிலில் பாட்டுப் பழகும்போது, சத்தம் லேசாகக் கரகரத்தது. றோலண்ட் ஸ்டோரில். வீட்டுக்கு வந்து நானே பின்மூடியைக் கழற்றினேன். மூடியின் உள்பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. ஸ்டோரில் மெசினில் எழுதித் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி, பென்சிலில், அவர் எழுத்து:

'15.6.85 பட்டரி போட்டது. 16ஆம் திகதி கடைசிப் பாட்டு வரை இசபெல் நிற்கவில்லை.'

அதன் கீழ் ஒவ்வொரு ஞாயிறாகத் திகதி. எல்லாவற்றுக்கும் நேரே ஒரே சொல்: கேட்டேன்.

புதுப் பட்டரியைப் போட்டு, கீழே இன்றைய திகதியை எழுதி, குச்சியைச் செருகி வைத்தேன்.