தாள் நுழையும் இடைவெளி

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதும் வழக்கம் நமக்குள் விட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. ஆனாலும் நீ, உன் மனைவி, உன் மகள் குட்டி, அம்மா நால்வரும் நலமாக இருக்க வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை.

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். நேரில் வந்தால் கேட்டைத் திறக்கமாட்டாய். போன தடவை நாயை அவிழ்த்துவிட்டாய். அதனால் உங்கள் ஊர்ப்பக்கம் போகும் எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் பாவம், அவரிடம் எரிந்துவிழாதே.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறாய் என்று சித்தி நேற்று பேச்சுவாக்கில் சொன்னாள். வேண்டாம், அந்தக் காரில் போகாதே என்று அவள் மூலமாகவே சொல்லியனுப்பினேன். "அவருக்கு வேற பொழைப்பில்ல. நான் குடும்பத்தோட வெளிய கிளம்பினா வயிறு எரியும்" என்றாயாம். எரிந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. அப்பாவின் காரை நீ எடுத்துக்கொண்டாய், வீட்டை எடுத்துக்கொண்டாய். பெரியவன் படித்தவன், சமாளித்துக்கொள்வான் என்றார்கள். படித்தவன் இருபது வருஷமாக டவுன் பஸ்ஸில் தொங்குகிறேன்.

ஆனால் இது வயிற்றெரிச்சல் விஷயமில்லை. மானத்தை விட்டு நடந்ததைச் சொன்னால்தான் நம்புவாய்.

அந்தச் சின்னக் காருக்குப் பெரிய காரின் முன் பிரேக்கை மாட்டினாய். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் பழையதாகவே விட்டாய். அதனால்தான் பெடல் பாதிவரை இறங்கியது. "வண்டிப் பாடம் நடத்தறவன்தானே, நீ பாத்துக் குடுடா, அவன் வேகமா ஓட்டறான்" என்று அம்மா கேட்டதற்காக மட்டுமே என் வாசலில் அந்தக் காரை நிறுத்தவிட்டேன். அகலமான சிலிண்டராகப் பார்த்து மாட்டினேன், பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்தேன். பெடல் கல்லாக நின்றது. அண்ணன் ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்தான் என்று நீ ஊரெல்லாம் சொல்கிறாயாமே. அந்தக் கல்தான் உன்னை ஏமாற்றுகிறது.

பெடலிலிருந்து வரும் கம்பிக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும். புது சிலிண்டரில் பிஸ்டன் கொஞ்சம் கம்பியின் பக்கமாகத் தள்ளி நிற்கிறது. கம்பியைத் திருகி உள்ளே இழுத்திருக்க வேண்டும். நான் இழுக்கவில்லை. இடைவெளி இல்லாவிட்டால் காலை எடுத்தாலும் பிரேக் முழுசாக விடாது. ஊருக்குள் பத்து நிமிஷம் ஓட்டினால் தெரியாது. மலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சக்கரம் கொதிக்கும், பிரேக் ஆயிலும் கொதிக்கும், பெடல் தரைவரை போகும். அப்போது உனக்கு முன்னால் வளைவு இருக்கும்.

மறந்துவிட்டேன் என்று எழுதி முடித்துவிடலாம். முதலில் அப்படித்தான் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

ஒரு சுற்று ஓட்டிப்பார்த்துவிட்டு வந்து முன் சக்கரத்தைத் தொட்டேன். சுட்டது. விஷயம் புரிந்துவிட்டது. அரை மணி நேரம் இரு, கழற்றி மாட்டவேண்டும் என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். நீ கேட்டருகில் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு நின்றாய். "என்ன வாத்தியாரே, புக்குல அடுத்த பக்கத்தக் காணமா?" என்றாய். உன் மனைவி சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள், நீ அப்படித்தான் சொன்னாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை உன் உள்ளங்கையில் வைத்தேன். பின் சீட்டில் குட்டி உட்கார்ந்திருந்தாள். டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன்.

காரைக் கொடுத்தனுப்பிப் பதினொரு நாளாகிறது. காரில் ஏதோ கருகும் வாசனை வருகிறது, நீ புது பிரேக்கின் பெயின்ட் என்கிறாய் என்றும் சித்தி சொன்னாள். பெயின்ட் இல்லையடா அது.

வேறு மெக்கானிக்கிடம் காட்டு, நான் இனி அதைத் தொடவேண்டாம். இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடு, புரிந்துகொள்வார். அம்மாவிடமும் படித்துக்காட்டு, பரவாயில்லை. அவள் இனி என்னோடு பேசமாட்டாள். பேசாமலே இருக்கட்டும், இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போங்கள். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வை. குட்டி மடியில் தூங்கட்டும். போய்ச் சேர்ந்ததும் என் நம்பரைத் திறந்து வாய்க்கு வந்தபடி திட்டு. அந்தத் திட்டு வரும்வரை போனைக் கீழே வைக்கமாட்டேன்.

நீடூழி வாழ்க.

உன் அண்ணன்