மூடியோடு திரும்பி வரும் ஸ்கோப்

டாப்சன் ஓடை, மொன்டானா
செப்டம்பர் 23, 1986

அன்புள்ள தம்பி செல்மருக்கு,

அண்ணி மார்லிஸ் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இந்த வருஷம் ஹக்கிள்பெரி நன்றாகக் காய்த்தது, கரடிகள் தின்றது போக எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்தன. நீயும் பெவர்லியும் அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி வருவது எல்லாம் கோபம். உட்கார்ந்துகொண்டு படி.

உன் அண்ணன் ஆர்விட்டுக்கு நீ அனுப்பிய பெட்டி போன மாதம் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு முழ நீளத்தில் பளபளவென்று ஒரு ஸ்கோப், தூரத்து மானைப் பக்கத்தில் காட்டும் குழாய், இரண்டு முனையிலும் மூடி. அதைத் துப்பாக்கியின் மண்டைமேல் உட்கார வைக்க இரண்டு இரும்பு வளையங்கள், திருகுகள். கூடவே உன் சீட்டு: "அண்ணே, இனிமே மான் தப்பவே தப்பாது."

செல்மர், உனக்கு மூளை அந்தப் பாலைவனத்தில் காய்ந்தே போய்விட்டதா? அது உங்கள் அப்பாவின் லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு பக்கவாட்டில் விழாது, நேராக மேலே துள்ளும். நாற்பது வருஷமாக அப்படித்தான் துள்ளுகிறது. ஒரு தடவை சுடச்சுட உன் சட்டைக் காலருக்குள் விழுந்து, பனியில் நீ போட்ட குதியாட்டத்தை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூடு வெளியே வரும் அந்த வாசலுக்கு நேர் மேலே ஸ்கோப்பை வைத்தால் கூடு எங்கே போகும்? ஸ்கோப்பில் முட்டித் திரும்பி உள்ளேயே விழும். அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். இதைக் கடைக்காரன் மறக்கலாம், இப்போது எல்லோரும் கூடு பக்கவாட்டில் விழும் போல்ட் துப்பாக்கிதான் தூக்குகிறார்கள். நீ மறக்கலாமா?

உன் அண்ணன் ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு இலையுதிர் காலமாக அவர் வெறுங்கையோடு மலையிறங்கி வருகிறார் என்பது உனக்குத் தெரியும். கேட்டால், "மானே இல்ல மார்லிஸ், எல்லாத்தையும் ஓநாய் தின்னுடுச்சு" என்பார். இந்தப் பக்கம் யாரும் ஓநாயைப் பார்த்ததில்லை. எங்கள் ஃப்ரீசரில் இப்போது கடை மாட்டிறைச்சிதான் கிடக்கிறது. அதை அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்பதைப் பார்க்கவேண்டும், நான் ஏதோ செருப்பைப் பொரித்து வைத்ததுபோல.

கடைசியில் நானே பெட்டியைப் பிரித்து, கண் வைக்கும் பக்கத்து மூடியைக் கழற்றி, "தம்பி ஆசையா அனுப்பியிருக்கான், ஒரு தடவை பாருங்களேன்" என்று அவர் கையில் கொடுத்தேன். சமையலறை ஜன்னல் வழியாகக் கொட்டகைப் பக்கம் திருப்பி, வலது கண்ணில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அடேயப்பா, கூரைத் தகரத்துல ஆணி கூடத் தெரியுது. செல்மர் நல்ல சாமானாத்தான் வாங்கியிருக்கான்" என்றார்.

முன்பக்கத்து மூடி அப்படியே இருந்தது, செல்மர். நான் அதைக் கழற்றவே இல்லை.

ஸ்கோப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் அவரை லாரியில் ஏற்றிக் கண் டாக்டரிடம் கொண்டுபோனேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். வலது கண்ணின் பார்வை அநேகமாகப் போய்விட்டது, திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். இடது கண் நன்றாக இருக்கிறதாம். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு இந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்ச நாளாத்தான்" என்கிறார். இரண்டு வருஷம்! மான் எதிரே நின்றிருக்கிறது, இவருக்குப் புகைதான் தெரிந்திருக்கிறது. தெரியாததைக் குருட்டாம்போக்கில் சுட்டுக் காயப்படுத்த மனசில்லாமல் துப்பாக்கியை இறக்கிவிட்டு வந்திருக்கிறார். அதற்காக அவரை மதிக்கிறேன். என்னிடம் மறைத்ததற்கு இன்னும் மன்னிக்கவில்லை.

திரும்பி வரும்போது, "துப்பாக்கிய செல்மருக்கு அனுப்பிடு, நான் இனிமே மலைக்குப் போகல" என்றார். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அதைக் கோழிக்குத் தீனி போடச் சொல்வதுபோலச் சொன்னார். உனக்குத் தெரியுமே, நவம்பரில் வேட்டைக்கு மலை ஏறாவிட்டால் உன் அண்ணனுக்கு மிச்ச மாதங்கள் எதற்கு என்று.

நான் விடவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஊரில் பழுது பார்க்கும் கிளைடிடம் போனேன். அவன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், மேலே நாலு ஓட்டை போட்டு ஸ்கோப்பை மாட்டிவிடலாம் என்றான். கூடு மேலே துள்ளுமே என்றேன். அப்படியானால் இடப்பக்கம் ஓட்டை போட்டுப் பக்கவாட்டில் மாட்டலாம் என்றான். என் வீட்டுக்காரருக்கு இனி இடது கண்தான், இடது தோளில் வைத்துச் சுடவேண்டும், இடப்பக்கம் ஸ்கோப்பை மாட்டினால் துப்பாக்கிக் கட்டையைத் தாண்டிக் கழுத்தை முறித்துக்கொண்டுதான் பார்க்கவேண்டும் என்றேன். அதற்கு அவன் சொன்னதைக் கேள்: "அந்த வயசுல தோள் மாத்திச் சுடறதா? பேசாம இத செவுத்துல மாட்டிட்டு அவர டிவி பாக்கச் சொல்லும்மா." அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஸ்கோப்பின் பெயரைச் சொன்னார்களே தவிர, ஆர்விட்டுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தன் கேட்கவில்லை. கிளைடின் கையில் இருந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கதவை அடித்துச் சாத்தியதில் அவனுடைய வாசல் மணி கழன்று விழுந்தது. நல்லது.

கல்யாணம் ஆன நாளில் இருந்து அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறவள் நான். அதன் இடப்பக்கத்தில் இரண்டு குட்டித் திருகுகள் சும்மா ஓட்டையை அடைத்துக்கொண்டு இருப்பது எனக்குத் தெரியும். அவை வளையக் குறிக்காகத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிய ஓட்டைகள். ஒரு சின்ன இரும்பு வளையம், கண்ணுக்கு அருகில் நிற்கும். அதன் வழியே குழல் முனையில் இருக்கும் குறிமணியை மட்டும் பார்த்தால் போதும். துளைபோட வேண்டாம், கூட்டின் வழியையும் மறிக்காது, எந்தக் கண்ணுக்கும் ஒத்துவரும். தபாலில் வரவழைத்து நானே திருகிவிட்டேன். லீவருக்கு வலது கை, இடது கை என்ற பேதமும் கிடையாது. அந்த விஷயத்தில் உங்கள் அப்பா புண்ணியம் கட்டிக்கொண்டார்.

முதல் நாள் கொட்டகைக்குப் பின்னால் நின்று இடது தோளில் வைத்தார். சுட்டது எல்லாம் மண்ணில். அவர் திட்டியதை எழுதினால் தபால்காரர் முகம் சிவந்துவிடும். "எவனோ ஒருத்தன் தோள இரவல் வாங்கிச் சுடற மாதிரி இருக்குடி" என்றார். நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, "இரவலா வாங்கினதும் உங்க தோள்தான், மறுபடி சுடுங்க" என்றேன். இப்போது ஐம்பது கஜத்தில் வைத்த தகரக் கேக் தட்டு சல்லடையாகிவிட்டது. நேற்றுச் சாப்பாட்டு மேசையில் தானாகவே, "இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும் போல இருக்கு" என்றார். இரண்டு வருஷமாக அவர் பனியைப் பற்றிப் பேசியதில்லை.

ஆனால் அந்த வளையம் அவருடைய இடது கண்ணுக்குத்தான் வழி காட்டும். வலப்பக்கம் என்ன வருகிறது என்பதை எந்த இரும்பும் காட்டாது. கிளை வந்தாலும் தெரியாது. தூரத்துக் கடற்கரை ஊர்களில் இருந்து வரும், காடு பழகாத வேட்டைக்காரன் ஒருவன் புதரை விலக்கிக்கொண்டு வந்தாலும் தெரியாது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் தனியாகப் போவதில்லை என்கிறார். யாரையாவது கூப்பிடுங்கள் என்றால் கூப்பிடவும் மாட்டேன் என்கிறார். உன் பெயரைச் சொன்னேன். "அவனுக்கு அங்க ஆயிரம் வேலை, தொந்தரவு பண்ணாத" என்றார். உன் வேலை கோல்ஃப் மைதானத்தில் பந்தை உருட்டுவது என்று பெவர்லி எனக்கு எழுதியிருக்கிறாள். இரண்டு இலையுதிர் காலமாக நீ வரவில்லை. வராமல் பெட்டி அனுப்புகிறாய்.

உன் ஸ்கோப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். முன்பக்கத்து மூடியை யாரும் கழற்றவில்லை, கடையில் வாங்கிக்கொள்வார்கள். அண்ணனிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாதே. தானாக வந்ததுபோல வா.

மேட்டில் அந்தப் பெரிய லார்ச் மரம் மஞ்சளாக ஆரம்பித்துவிட்டது. சிறுவயதில் இருந்தே நீங்கள் இருவரும் அதில் சாய்ந்துதான் உட்காருவீர்கள். அவர் இடப்பக்கம், நீ வலப்பக்கம். இந்த வருஷமும் உன் இடத்தில் வந்து உட்கார், தம்பி. அவரிடம் எதுவும் பேசவேண்டாம். வலப்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிரு.

கடவுள் உன் இரண்டு கண்களையும் காக்கட்டும்.

உன் அண்ணி,
மார்லிஸ்