நெஞ்சில் கை வைத்த படம்

என் மச்சான் தேவாவுக்கு,

வருகிற வெள்ளியோடு நீ போய் ஒரு வருடம். திவசத்துக்கு வீட்டில் எல்லாம் ஆயத்தம். நீர்வேலியில் வாழைக்குலைக்குச் சொல்லிவிட்டேன். நினைவு மலரும் அடிக்கப் போகிறோம். முந்தாநாள் உன் வசந்தி கடைக்கு வந்து, தராசுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள்.

“அண்ணை, அவர் கடைசியாச் சந்தோசமாத் திரிஞ்சது உங்களோடைதான். அந்த மலைப் பயணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. மலரிலை போடுவம்.”

“எனக்கு எழுத வராது பிள்ளை.”

“சந்தையிலை கதைக்கிற மாதிரி எழுதுங்கோ. அவருக்கும் அதுதானே பிடிக்கும்.”

அந்தத் தாளில்தான் எழுதுகிறேன். அவள் கேட்ட கதை இது இல்லை.

நுவரெலியாவுக்கு நாங்கள் எத்தனை தரம் போயிருப்போம்? வெங்காயம் இறக்கினோம், கரட்டும் லீக்சும் ஏற்றினோம், திரும்பினோம். பக்கத்திலிருக்கிற ஹோட்டன் சமவெளியை ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே மரைமான்கள் மாடு மாதிரிப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று யாரோ லொறிக்காரன் சொன்ன நாளிலிருந்து நீதான் ஆக்கினை தந்தாய். “ஒருக்கால் மனுசர் மாதிரிப் போவம் மச்சான். எந்த நாளும் மூட்டை மாதிரியே போய் வாறது?”

வாசலில் காவலர் எங்கள் பையைத் திறந்து, பிஸ்கற்றில் இருந்த பொலித்தீனை உள்ளே விடமாட்டம் என்று கழற்றி, பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். “உவரைச் சுன்னாகச் சந்தையிலை ஒரு கிழமை விடவேணும்” என்று நீ என் காதுக்குள் சொன்னாய். புல்வெளியில் ஒரு மரை நின்றது. தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேய்ந்தது. நீ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய், கோயில் வாசலில் நிற்பவன் போல.

அங்கேயே நின்றிருக்கலாம். நீ பார்க்க வந்தது அதைத்தானே?

உலக முடிவு என்கிற அந்தப் பள்ளத்தாக்கைப் பத்து மணிக்குப் பிறகு பனி மூடிவிடும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது போதும். சைக்கிளில் வெங்காயம் கட்டி விற்றுத் தொடங்கியவன் நான். பிந்திப் போனால் அழுகல்தான் கிடைக்கும் என்று படித்த புத்தி, புல்வெளியிலும் விடவில்லை.

பாதை தொடங்கிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு தட்டைக் கல். நீ அதில் இருந்தாய்.

“மச்சான், கொஞ்சம் இருப்பம். நெஞ்சு ஒருமாதிரி இறுக்குது.”

“குளிர் ஏறியிருக்கு. எழும்பு. சந்தை கலைஞ்ச பிறகு போய் என்னத்தை வேண்டுறது?”

“இடது கையும் விறைக்குது.”

“மூட்டை தூக்கின கை, புல்லைக் கண்டு விறைக்குதாக்கும்.”

நீ சிரித்துக்கொண்டு எழும்பினாய். அதற்குப் பிறகும் வழியில் இரண்டு தரம் குந்தி இருந்தாய். இரண்டு தரமும் நான் மணிக்கூட்டைத்தான் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரைகூட ஆகவில்லை. ஆனால் பனி எங்களை முந்திவிட்டது. முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

“இதைக் காட்டவோ என்னைக் கலைச்சுக்கொண்டு வந்தனீ?” என்றாய். பிறகு, “படம் ஒண்டு எடு, வந்ததுக்கு அத்தாட்சி” என்று கம்பியில் சாய்ந்து நின்றாய். எடுத்தேன். இறங்கும்போது, “நெஞ்சு இறுக்கினதை வசந்திக்குச் சொல்லிப்போடாதை. பிறகு எனக்கு உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை” என்றாய். மலையால் இறங்கி வீடு வந்து சேரும்வரை எத்தனை ஆஸ்பத்திரி வாசலைக் கடந்திருப்போம்?

ஒன்பதாம் நாள் காலை தராசடியில் விழுந்தாய்.

“முந்தி எப்பவாவது நெஞ்சு நோ எண்டு சொன்னவரோ?” என்று டொக்டர் கேட்டார். “இல்லை டொக்டர், ஒருநாளும் சொல்லேல்லை” என்றாள் வசந்தி. நான் அவள் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் மலருக்கு அந்தப் படத்தைத்தான் அவள் தெரிவு செய்தாள். “பாருங்கோ அண்ணை, மலையைப் பாத்த சந்தோசத்திலை நெஞ்சிலை கை வைச்சு நிக்கிறார்.” இப்போது ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும், கண்ணாடி அலுமாரிக்குள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அவர்களுக்கு அது சந்தோசம். எனக்குத் தெரியும் அது என்னவென்று.

நீ சொல்லாதே என்றாய், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல மாதம் விற்றுப் பார்த்தேன். அந்தச் சரக்கை நானே வாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவ்வளவுதான்.

போன கிழமை திரும்பவும் அங்கே போனேன். லொறி அலுவல் என்று வசந்திக்கு இன்னொரு பொய். காவலர் அதே மாதிரிப் பொலித்தீனைக் கழற்றினார். மரை நின்றது. அந்தக் கல்லில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி வாசலுக்குத் திரும்பி நடந்தேன். பன்னிரண்டு நிமிடம். நீ ஆறுதலாக நடந்திருந்தால் இருபது. திரும்பியிருந்தால் நீ உயிரோடு இருந்திருப்பாயா? கேட்பதற்கு டொக்டர்மார் இருக்கிறார்கள். எனக்குத்தான் துணிவில்லை.

அன்று வானம் துப்புரவாக வெளித்திருந்தது. பள்ளத்தாக்கு அடிவரை தெரிகிறது என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். நான் போகவில்லை.

நாளைக் காலை, கடை திறக்க முன்னம், இந்தத் தாளோடு வசந்தியிடம் போவேன். டொக்டருக்கு முன்னால் வாயை மூடி நின்றதை என் வாயாலேயே சொல்வேன். அவள் ஏசினால் கேட்டுக்கொள்வேன். படலையைச் சாத்தினால் வெளியில் நிற்பேன். இதை மலரில் போடுவதோ கிழித்து எறிவதோ அவள் விருப்பம். அந்தப் படத்தில் உன் கை ஏன் நெஞ்சில் இருக்கிறது என்று தெரியாமல், அவளை இன்னொரு வருடம் அதற்கு விளக்கேற்ற விடமாட்டேன்.

சத்தியம், மச்சான்.

கல்லில் இருந்த உன்னை எழுப்பி நடத்திய,
வசந்தியின் அண்ணன்