சித்திக்குக் காய்ச்சிய கஞ்சிப்பாசி

சேசு மரி சூசை துணை

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய்,
12-2-1969

அன்பு மகள் சகாயராணிக்கு, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், உன் சித்தியும் ஆண்டவர் கிருபையால் தேறிவிட்டாள், மண்டபத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

அங்கே கடலில் எடுத்துக் காயவைத்து நீ அனுப்பிய கஞ்சிப்பாசி வந்து சேர்ந்தது. டைபாய்டு விட்ட பிறகும் சித்தி வாய் கசந்து எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள், இப்படியே பட்டினி கிடந்தால் திரும்ப ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், பயம் என்பது நமக்குக் கிடையாது, ஆனாலும் எனக்குத் தூக்கமில்லை. நான் ஓட்டும் அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸில் வேங்கடசுப்ரமணியன் என்று ஒரு பெரிய விஞ்ஞானி, என்னைக் கேட்காமல் ஒரு மெஷினைத் தொடமாட்டார், அவரிடம் பாசியைக் காட்டினேன். அயோடின், சுண்ணாம்பு, இரும்பு எல்லாம் இதுல இருக்கு, நாரும் இருக்கு, ஆனா இதையே மருந்துன்னு நம்பிடாதேயும், பாலைச் சேத்துக் குடும் என்றார். எனக்கு முன்பே தெரிந்ததுதான், மரியாதைக்குக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நானே அடுப்படியில் உட்கார்ந்தேன். நீ ஒரு பிடி போதும் என்று எழுதியிருந்தாய், நோயாளிக்கு ஒரு பிடி எந்த மூலைக்கு என்று பை முழுவதையும் கொட்டிக் கொதிக்கவைத்து வடித்துப் பாலும் சீனியும் சேர்த்தேன். ஆறின பிறகு சட்டியைக் கவிழ்த்தால் கஞ்சி ஒழுகவில்லை, தட்டினேன், முழுசாக இறங்கித் தட்டில் உட்கார்ந்து ஆடுகிறது. பக்கத்து வீட்டுப் பூமாரி எட்டிப் பார்த்து, அண்ணாச்சி, இது திங்கதுக்கா, பஸ்ஸுக்கு டயர் மாட்டுததுக்கா என்று கேட்டாளே பார்க்கணும், கட்டிலில் கிடந்த உன் சித்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள் மகளே, அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சு. அந்தச் சிரிப்போடேயே, டயர்ல ஒரு துண்டு அறுத்துத் தாங்க பாப்போம் என்றாள். ஒரு துண்டு இரண்டானது, மறுநாள் ரசஞ்சோறு கேட்டாள். இப்போது எங்கள் லைன் வீடுகள் முழுக்க என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பூமாரி மட்டும் டயர்க்காரர் என்கிறாள், விவரமில்லாதவள்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு வீண் வாக்குவாதம் வேண்டாம். மாதா உங்களைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. மறவாமல் இன்னொரு பை அனுப்பு, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பாசி என்று பெரிய எழுத்தில் எழுதி வை. எனக்கு அல்ல. அடுத்த தடவை தானே காய்ச்சப்போவதாகச் சொல்லி உன் சித்தி என்னை அடுப்பை விட்டு எழுப்பிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
தனசீலன்